ஆடாத சக்கர வீடு

"ஆடுதுங்களே" என்றார் சென்னியப்பன்.

மருதாசலம் அந்த வார்த்தையைத் தன் பட்டறைக்குள் இதுவரை கேட்டதில்லை. நாமக்கல்லில் சேலம் ரோட்டின் மேல் பதினெட்டு வருஷமாக லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவர் அவர். அவர் கட்டிய பாடியில் கரும்பு ஏறியிருக்கிறது, கருங்கல் ஏறியிருக்கிறது, ஒரு தேர்தல் சமயத்தில் எண்பது பேர் ஏறி நின்று ராசிபுரம் வரைக்கும் ஆட்டம் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆடியது ஆட்கள்தான். பாடி ஆடியதாக ஒரு பேச்சு வந்ததில்லை.

"என்னதுங்க ஆடுது?" என்று கேட்டார், காதில் சரியாக விழாதவர் போல.

"வண்டிதானுங்க. ஓடறப்ப ஆடுனாப் பரவால்லீங்க. சும்மா நிக்கறப்பவே ஆடுதுங்களே!"

சென்னியப்பன் உட்கார்ந்து பார்த்தது லாரியில் அல்ல, சக்கரம் வைத்த வீட்டில். திருச்செங்கோட்டுப் பக்கம் மூன்று ரிக் வண்டிகளுக்கு முதலாளி அவர். போர்க்கிணறு போடும் ரிக்கோடு தை மாதம் ஆந்திரா பக்கம் கிளம்பினால், மழை இறங்கிய பிறகுதான் ஊர் திரும்புவார். போகிற இடத்தில் கூடாரம்தான் வீடு. போன ஐப்பசியில் மருதாசலத்திடம் வந்து, "கூடாரத்துல படுத்தது போதுமுங்க. இந்த வருசம் எங்கூட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போறேன். வண்டிக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு ஊடு கட்டிக் குடுங்க" என்று கேட்டார்.

அதற்கு முன்னால் அவர் போன பட்டறைகளில் எல்லாம், வீடு கட்டக் கொத்தனாரைப் பாருங்கள் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். மருதாசலம் சிரிக்கவில்லை. மூன்று நாள் யோசித்தார், மூன்று மாதத்தில் கட்டி முடித்தார். நடுவில் ஓர் அச்சு, இரண்டு பக்கமும் சக்கரம், முன்னால் இழுவைக் கொக்கி, கொக்கிக்குக் கீழே ஒரு முட்டுக்கால். அதன் மேல் ஆகாய நீலத்தில் தகரச் சுவர். உள்ளே இரண்டு கட்டில், ஒரு சமையல் மேடை, சாமி படத்துக்கு அலமாரி, ஜன்னலுக்கு அவர் மனைவி பொன்னாத்தாள் தைத்துக் கொடுத்த பூப்போட்ட திரை. எண்பத்தாறாம் வருஷத்துத் தை மாதத்தில் சேலம் ஜில்லா முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொன்று கிடையாது. அதைச் சொல்ல அவர் கூச்சப்படவும் இல்லை. டீக்கடையில் சொன்னார், லாரி ஆபீஸில் சொன்னார், சலூனில் முகம் நிறைய சோப்பு நுரையோடு சொன்னார்.

அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் பின்பக்கம் 'மருதாசலம் பாடி பில்டர்ஸ், நாமக்கல்' என்று பெயர் எழுதுவதுதான் கடைசி வேலை. வண்டிக்காரர் தன் வாயால் "திருப்தி" என்று சொல்லாமல் பெயிண்டர் அங்கமுத்து பிரஷைத் தொடக் கூடாது. பதினெட்டு வருஷத்தில் எந்த வண்டியும் பெயர் இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. இந்த வீட்டு வண்டிக்கு எழுத்தை வழக்கத்தைவிட ஒரு சாண் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார்.

"ஆந்திராவுல தமிழு ஆருங்க படிப்பாங்க?" என்று கேட்டான் அங்கமுத்து.

"படிக்க வேண்டாம்டா. பாத்தாப் போதும்."

சாக்பீஸில் எழுத்து வரைந்தாயிற்று, மஞ்சள் பெயிண்டும் கலக்கியாயிற்று. இந்த நேரத்தில்தான் சென்னியப்பன் அப்படிச் சொன்னார்.

மருதாசலம் தன் தலைமை ஃபிட்டர் கைலாசத்தைக் கூப்பிட்டார். "உள்ள போயி நின்னு பாரு. ஆடுதா?"

கைலாசம் உள்ளே போனான், நடந்தான், இரண்டு தரம் குதித்தும் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

"உனக்கு என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்குது? மொதலாளி ஆடுதுங்கறாரு. அப்ப ஆடுது."

பிறகு அவரே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஆடாத மாதிரி இருந்தது. எழுந்து, இன்னொரு தரம் கவனமாக உட்கார்ந்தார். இப்போது ஆடுகிற மாதிரி இருந்தது. ஒருவர் ஆடுகிறது என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு பாறை மேல் உட்கார்ந்தாலும் சந்தேகம் வந்துவிடுகிறது. உட்கார வந்த ரிக் முதலாளியிடம் போய் உனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று சொல்லி வாதாடுவது மருதாசலத்தின் மரியாதைக்கு ஒத்து வராது. அதைவிட வேலையைச் செய்து காட்டிவிடுவது சுலபம்.

"என்னைக்குக் கெளம்பறீங்க?"

"வெள்ளிக்கெழமை. நாளு நல்லா இருக்குதுங்க."

"இன்னைக்குத் திங்கள். சித்த டீ குடிச்சிட்டு இருங்க, இப்பவே நிறுத்திப் போடறேன்."

அன்றைக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் எளிமையானது. பாரம் நடுவில் இருக்கிறது, ஆகவே முட்டும் நடுவில் கொடுக்க வேண்டும். ரயில்வே சிலிப்பர் கட்டை நான்கை அடுக்கி, அச்சுக்குச் சற்றுப் பின்னால் சேஸிஸின் அடியில் இறுக்கி அடித்தார்கள். கைலாசம் சம்மட்டியால் கடைசிக் கட்டையை அடித்தபோது வண்டி ஒரு முனகல் முனகி மேலே எழுந்தது. முன்னால் இருந்த முட்டுக்கால் தரையை விட்டுவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சென்னியப்பன் டீயைக் குடித்துவிட்டு உள்ளே போனார். கட்டில் பக்கம் நின்றபோது எல்லாம் சரியாக இருந்தது. சமையல் மேடையைப் பார்க்க நான்கு எட்டு வைத்தார். சமையல்கட்டு அப்படியே கீழே இறங்கியது. பயந்து பின்னால் வந்தார், கட்டில் இறங்கியது, சமையல்கட்டு ஏறியது. பொன்னாத்தாள் அழகுக்காக வைத்திருந்த இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் அவருக்கு முன்னும் பின்னும் உருண்டு உருண்டு போய்வந்தன.

"ஏனுங்க, இப்ப ஏத்தம் எறைக்கற மாதிரி இருக்குதுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அங்கமுத்து பெயிண்ட் டப்பாவை மூடினான்.

செவ்வாய்க்கிழமை மருதாசலம் நான்கு லாரி ஜாக்கிகளோடு வந்தார். நடுவில் கொடுத்தால்தானே ஏற்றம் ஆகிறது, நான்கு மூலையிலும் கொடுத்துவிட்டால் எங்கே போகும்? கட்டைகளை உருவிப் போட்டுவிட்டு, மூலைக்கு ஒன்றாக ஜாக்கி வைத்தார். நான்கு பேர் நான்கு கைப்பிடியைப் பிடித்து, அவர் ஒன்று இரண்டு சொல்லச் சொல்லத் திருகினார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. மருதாசலம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"உள்ள போயி உக்காருங்க. கதவையும் சாத்திக்குங்க. ஊட்டுக்குள்ள இருக்கற மாதிரியே பாருங்க."

சென்னியப்பன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. மருதாசலம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கமுத்துவைப் பெருமையோடு பார்த்தார்.

அவர்கள் மறந்துபோனது ஒன்றே ஒன்றுதான். வண்டியின் பின்பக்கத்து வலது மூலை நின்ற இடம், பட்டறையில் பத்து வருஷமாக லாரி கழுவும் இடம். மேலே காய்ந்திருந்தது, அடியில் சேறு. ஜாக்கி மெல்ல மெல்ல, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், ஒரு முழம் உள்ளே போயிருந்தது. வண்டி ஒரு மூலையில் முறுக்கிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க" என்றார் சென்னியப்பன் உள்ளேயிருந்து, மிகவும் மரியாதையாக. "கதவு தொறக்க மாட்டேங்குதுங்க."

கைலாசம் வெளியேயிருந்து இழுத்தான். நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். சட்டம் முறுக்கியதில் கதவு நிலையோடு கடித்துக்கொண்டுவிட்டது. அறுத்தால் புதுத் தகரம் போய்விடும் என்று மருதாசலம் பதறினார். மிச்சம் இருந்த வழி சமையல்கட்டு ஜன்னல்தான். அதை அவர் ஒரு பெண்பிள்ளை கையை நீட்டிக் கழுநீர் கொட்டுகிற அளவுக்கு வைத்திருந்தாரே ஒழிய, ஒரு ரிக் முதலாளி வெளியே வருகிற அளவுக்கு வைக்கவில்லை. ஆனாலும் வந்தார். தலை வந்தது, ஒரு தோள் வந்தது, பிறகு கைலாசம் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மூச்ச உடுங்க மொதலாளி, மூச்ச உடுங்க" என்று சொல்லி இழுத்தான். பூப்போட்ட திரையும் கழுத்தில் மாலை மாதிரி சேர்ந்து வந்தது.

சென்னியப்பன் கோபக்காரர் இல்லை. தூசியைத் தட்டிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒரு யோசனை சொன்னார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வம்பாகப் போயிற்று.

"எங்க ரிக்கு எப்பிடீங்க நிக்குது? பாறையக் கொடையறப்பவும் நின்ன எடத்துல நிக்குதல்லங்க? ஏன்னா டயரு தரையிலயே படாதுங்க. நாலு காலும் ஊனி, மொத்த வண்டியவும் மேல தூக்கிருவோம். டயரு இருக்கற வரைக்கும் ஆட்டம் இருக்கும். எங்கிட்டப் பழைய ரிக்கு ஜாக்கி நாலு கெடக்குது, ஆயில்ல தூக்கறது. நாளைக்கு அனுப்பி உடறேன்."

மருதாசலத்துக்கு நெற்றியில் அறைந்த மாதிரி இருந்தது. இதை நாமே யோசிக்கவில்லையே! இந்தப் பக்கத்தில் ரிக்கைப் பார்க்காதவர் யார்? இருபது டன் இரும்பு நான்கு காலில் நிற்கிறது. 

"அது இருபது டன்னுங்க" என்று கைலாசம் வாய்க்குள் முணுமுணுத்தான். "இது ரெண்டு டன்னு கூட வராதுங்களே. கனம் இருந்தாத்தானே..."

"ரிக்கு மொதலாளிக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? வெல்டிங் செட்டை எடு."

புதன்கிழமை மத்தியானத்துக்குள் நான்கு மூலையிலும் ரிக் ஜாக்கிகளைப் பற்றவைத்தார்கள். இந்தத் தடவை சேறு இல்லாத இடமாகப் பார்த்து வண்டியைத் தள்ளி நிறுத்தி, அடியில் இரும்புப் பலகையும் போட்டார்கள். கைலாசம் எண்ணெய்க் குழாயைத் திறந்ததும் வீட்டு வண்டி மேலே போனது. டயர் தரையை விட்டது. மருதாசலத்துக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. "இன்னும் கொஞ்சம்" என்றார். ஓர் ஆள் குனியாமல் அடியில் நடந்து போகிற உயரத்துக்கு ஆகாய நீல வீடு மேலே நின்றது. சேலம் ரோட்டில் போன ஒரு பஸ்ஸில் அத்தனை தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. அதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

வாய் சும்மா இருக்குமா? சென்னியப்பனோடு இன்னும் மூன்று ரிக் முதலாளிகளையும் டீக்குக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். அவர்களும் இப்படி ஒரு வீடு கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் மூத்தவர் சின்னண்ணன், வெண்ணந்தூர்க்காரர், ஒன்றைப் பார்த்தால் அதற்கு ஒரு பேர் வைக்காமல் போகமாட்டார். ஐந்து பேரும் ஏணி வைத்து ஏறி உள்ளே போனார்கள். கட்டிலுக்கு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். மருதாசலம் மட்டும் நின்றுகொண்டார். டீ வந்தது.

சின்னண்ணன் டீயை வாங்க ஒரு பக்கம் சாய்ந்தார். வீடும் அவரோடு சாய்ந்தது. அவர் நிமிர்ந்தார், வீடு நிமிர்ந்து மறுபக்கம் போனது. அதைச் சமாளிக்க எல்லோரும் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நான்கு மெல்லிய காலின் மேல் அந்த வீடு நிதானமாக, யாரோ பாட்டுப் பாடுகிற மாதிரி, போய்ப் போய் வந்தது. அலமாரியிலிருந்து சாமி படம் நழுவிச் சென்னியப்பன் மடியில் விழுந்தது. ஐந்து பேர் டீயும் ஐந்து பேர் வேட்டியில் இருந்தது. ஒருவர் எழுந்து வாசலுக்கு ஓடப் பார்த்தார்.

"ஆரும் எந்திரிக்காதீங்க!" என்று கத்தினார் மருதாசலம். "அப்பிடியே உக்காருங்க! மூச்சு மட்டும் உடுங்க!"

ஆட்டம் அடங்கி, கைலாசம் ஜாக்கியை இறக்கிய பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சின்னண்ணன் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"ஊஞ்சலு நல்லாத்தானுங்க கட்டியிருக்குறீங்க. கல்யாண ஊட்டுக்கு வாடகைக்கு உடலாம்."

மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மருதாசலத்தின் முகத்தைப் பார்க்காமல் வண்டி ஏறிப் போனார்கள். அது அவருக்கு நெஞ்சில் தைத்தது. பதினெட்டு வருஷம் சேர்த்த பேர், அரை டம்ளர் டீயில் போய்விட்டதே என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை இந்த வண்டி பெயர் இல்லாமல் வாசலைத் தாண்டினால், அதற்குப் பிறகு எந்த வண்டியின் பின்னாலும் பெயர் எழுத அவருக்குக் கை வராது.

வியாழன் காலையில் அவருக்குப் பட்டறைக்குப் போகவே பிடிக்கவில்லை. கைலியோடு சமையலறை வாசலில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பொன்னாத்தாள் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி வைத்த மேசை படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் நிறுத்தினாள், நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தாள், நான்காக மடித்து மேசையின் ஒரு காலுக்கு அடியில் சொருகினாள். மறுபடி போட்டாள். மேசை அசையவில்லை.

மருதாசலம் காபியைக் கீழே வைத்தார்.

"அத எப்பிடிப் புள்ள செஞ்சே?"

"எதைய?"

"அந்தத் தாளு. மேசையத் தூக்கியா வெச்சே?"

"மேசைய எதுக்குங்க தூக்கறது? அது பாட்டுக்கு அதும்பட காலுல நிக்குது. எங்க இடுக்கு இருக்குதோ அங்க தாளச் சொருகினாப் போதாதா? தூக்கினா இன்னும் ஆடாதா?" அவள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "ஏனுங்க, மூணு நாளா இதத்தான் பண்ணிட்டு இருந்தீங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார். கைலியை மாற்ற மறந்துபோயிற்று.

அன்றைக்குப் பட்டறையில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. ரிக் ஜாக்கிகளை அறுத்து எடுத்தார்கள். வண்டியை அதன் சொந்தச் சக்கரத்தில், கெட்டித் தரையில் நிறுத்தினார்கள். டயருக்கு முன்னும் பின்னும் மரத்தில் ஆப்புச் செதுக்கி, ஒரு மயிரிழை உருளாமல் இறுக்கினார்கள். முன்பக்கத்து முட்டுக்காலைத் திருகிச் சமமட்டம் பார்த்தார்கள். பிறகு நான்கு மூலைக்கும் நான்கு கால்கள், குட்டையாக, வெளிப்பக்கம் சற்று அகட்டி, திருகாணியோடு. அடியில் அகலப் பலகை.

"தூக்கக் கூடாது" என்று மருதாசலம் ஒவ்வொரு காலுக்கும் நின்று சொன்னார். "பாரம் சக்கரத்துலயே இருக்கட்டும். காலு தரையத் தொட்டதும் நிறுத்து. அதுக்கு மேல அரைத் திருகு. அவ்வளவுதான். தாளு சொருகற மாதிரி."

"என்ன தாளுங்க?" என்றான் கைலாசம்.

"திருகுடா."

கடைசியாக, முன்னும் பின்னும் அசையாமல் இருக்கக் கால்களுக்கு நடுவில் குறுக்குக் கம்பி இரண்டு போட்டு முடுக்கினார்கள். அந்த யோசனை கைலாசத்துடையது. மருதாசலம் அதை நாலு பேர் முன்னால் உரக்கச் சொன்னார், அவன் காது மடல் சிவந்துபோயிற்று.

மத்தியானம் பொன்னாத்தாள் தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்தபோது பரீட்சை நடந்தது. ஒரு டம்ளரில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி வண்டியின் நடுத் தரையில் வைத்தார் மருதாசலம். கைலாசமும் இன்னும் ஐந்து பேரும் முன்னும் பின்னும் நடந்தார்கள். அங்கமுத்து கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். வெளியே ரோட்டில் பருத்தி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கடகடத்துப் போனது. தண்ணீர் அப்படியே இருந்தது. விளிம்பில் ஒரு சொட்டு வழியவில்லை.

பொன்னாத்தாள் உள்ளே ஏறி, சமையல் மேடையில் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தாள். சுவரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக, "நம்மூடு கூட இத்தனை கெட்டியா இல்லீங்க."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் கட்டியதைப் பார்த்து அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றுதான். ஆட்களுக்கு முன்னால் கண்ணைத் துடைக்கக் கூடாது என்று மருதாசலம், டம்ளரில் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். இதைப் போல ஒன்றை இந்த நாட்டில் யார் கட்டியிருக்கிறார்கள்? கட்டியவன் நான். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவர் நின்ற நிலையே அதைச் சொன்னது.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டறை வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. சின்னண்ணனும் மற்ற இரண்டு முதலாளிகளும் வந்துவிட்டார்கள். வழியனுப்ப வந்ததாகச் சொன்னார்கள், ஆனால் மூன்று பேரும் பழைய வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஏறிப் பாருங்க" என்றார் மருதாசலம்.

ஏறினார்கள். டீயும் கொடுக்கச் சொன்னார். சின்னண்ணன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு பக்கம் சாய்ந்தார், பிறகு மறுபக்கம் சாய்ந்தார், பிறகு எழுந்து நின்று இரண்டு காலாலும் தரையை மிதித்தார். டீ டம்ளரிலேயே இருந்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றுக்குப் பேர் வைக்க வார்த்தை கிடைக்காமல் நின்றார்.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடுத்துருங்க" என்றார் கடைசியில். "சென்னியப்பன் திருப்தின்னு சொல்லட்டும், சொன்ன ஒடனே எனக்கு வேலைய ஆரம்பிச்சிருங்க."

சென்னியப்பன் தன் மனைவி சௌந்திரத்தோடு வந்து இறங்கினார். பூசைக்குத் தேங்காய், பழம், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் எல்லாம் அந்தம்மாள் கையில் இருந்தன. இந்த வண்டியைச் சௌந்திரம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஏறியதும் நேராகச் சமையல் மேடைக்குப் போனாள். அடுப்பு வைக்கிற இடம், அரிசி டின் வைக்கிற இடம், அரிவாள்மணை வைக்கிற இடம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள்.

சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் பதித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டறை முழுக்கச் சத்தம் அடங்கியது. வெல்டிங் நின்றது, சம்மட்டி நின்றது. அங்கமுத்து பிரஷை மஞ்சளில் தோய்த்து, சொட்டாமல் வழித்து, வண்டியின் பின்னால் முதல் எழுத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நின்றான். வாசலில் மருதாசலம் கைகட்டி, மார்பை நிமிர்த்தி நின்றார். பொன்னாத்தாளும் வந்திருந்தாள். அவள் உதடு ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். மருதாசலத்தைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருந்தது. மெல்ல இருமினார்.

"சொல்றதுக்கு மனசு வல்லீங்க" என்றார். "கொஞ்சம் ஆடுதுங்களே."

சின்னண்ணன் தன் டம்ளரையே பார்த்தார். மற்ற இரண்டு முதலாளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாக வாசல் பக்கம் நகர ஆரம்பித்தார்கள்.

மருதாசலம் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற ஆள் இல்லை அவர். கட்டிய கையை அவிழ்க்காமலே பேசினார்.

"எனக்குத் தெரிஞ்ச தொழில அத்தனையும் இதுல போட்டாச்சுங்க. இதுக்கு மேல நிறுத்த இந்த ஜில்லாவுல ஆருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல நாளு, வண்டிய ஓட்டிட்டுப் போங்க. வழக்கம் வழக்கம்தானுங்க. திருப்தி இல்லாத வண்டிக்கு எம் பேரு போடமாட்டேன்." பிறகு பெயிண்டர் பக்கம் திரும்பினார். "அங்கமுத்து, டப்பாவ மூடு."

அந்த நேரத்தில்தான் சமையல் மேடையிலிருந்து சௌந்திரம் திரும்பினாள். அடுப்புக்கு இடம் பார்க்கிற மும்முரத்தில், பேசியது எதுவும் அவள் காதில் சரியாக விழவில்லை. கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து, புருஷனையும் மருதாசலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னுங்கண்ணா, எல்லாரும் ஒரு மாதிரி நிக்கறீங்க? என்ன சொன்னாரு?"

"கொஞ்சம் ஆடுதுங்கறாரும்மா" என்றார் மருதாசலம்.

சௌந்திரத்தின் முகம் மலர்ந்துபோயிற்று.

"கொஞ்சம்னா சொன்னாரு? அட, அப்ப இத மாதிரி கெட்டியான ஊடு ஒலகத்துலயே இல்லீங்கண்ணா! பதினஞ்சு வருசம் ரிக்கு மேல நின்ன காலுங்க அது, எங்க நின்னாலும் ஆடிட்டேதான் இருக்கும். போன வருசம் கான்கிரீட்டு போட்டுக் கட்டுன எங்க மாடி ஊட்டையே ரொம்ப ஆடுதுன்னு சொல்லி மூணு மேஸ்திரிய மாத்துன மனுசனுங்க இவரு!"